ஒன்பது நாள் அம்மி

எந்த வீட்டு அம்மி மூத்ததோ அந்த வீட்டில்தான் தம்பதி குடியிருக்க வேண்டும். இப்போதைய சம்பிரதாயம் அது. அதனால்தான் மாப்பிள்ளையின் அப்பா மகுடபதி பந்தலில் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தக்காணத்துல எரிமலைக் குழம்பு உறைஞ்ச கல்லு, சம்பந்தி. ஆறரைக் கோடி வருஷம். டைனோசர் பாத்த அம்மி!"

பெண் வீட்டார் கொண்டுவந்ததோ அந்தமான் எரிமலைக் கல். பதினெட்டாயிரம் வருடம்தான். பச்சைக் குழந்தை.

கண்ணாடியாய் மின்னிய மகுடபதியின் அம்மியில் புரோகிதர் கல்லின் வயதைச் சொல்லும் ஆர்கான் மீட்டரை வைத்தார். பிறகு மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒன்பது நாள்னு காட்டுதுங்க."

"மீட்டர் ரிப்பேரா?"

"கல்லைச் சூடு கீடு பண்ணீங்களா?"

"சபையில மின்னணும்னு உலையில உருக்கி வார்த்தோம். அதுக்கென்ன?"

"போச்சு. வருஷா வருஷம் உள்ள சேர்ற ஆர்கான் வாயுவை வச்சுத்தான் வயசு கணக்கு; உருகினா அது மொத்தமும் ஓடிடும். வயசு மறுபடி முதல்லேருந்துதான்."

மகுடபதி மகன் பக்கம் திரும்பினார்.

"டேய் பரிதி, உருக்கச் சொன்னது நீதானே? ஆர்கான் லேப்லதான வேலை பாக்கிற, இதுகூடத் தெரியாதா?"

பரிதி பந்தலுக்குப் பின்னால் போய், முன்பே கட்டி வைத்திருந்த பெட்டியைத் தூக்கிவந்து மாமனார் காரில் ஏற்றினான்.