மடிப்புப் பலகை

கண்காட்சிக்கு வந்த கடைசி ஆளும் இறங்கிப் போகிறார். "வீடு சின்னதானா கரண்டும் குறையும், குப்பையும் குறையும்" என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன தச்சர், தானே கட்டிக் குடியிருக்கும், சக்கரம் பூட்டிய குட்டி வீட்டின் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிறார். மாலை வெயில் ஒரே எட்டில் அடுப்பைத் தாண்டிப் பின்சுவரைத் தொட்டுவிடுகிறது. "நாளைக்கு அம்மாவ ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்புறாங்க. நம்மகிட்டதான் வரணும்," என்கிறாள் மனைவி. அவர் பெருமூச்சோடு எழுந்து, சுவரோடு மடித்துவைத்த பலகையை இறக்கி விரிக்கிறார். "இதுல படுத்துக்கட்டுமே." அவள் படுத்துக் காட்டுகிறாள். பாதம் வாசலுக்கு வெளியே நீள்கிறது. காலை மடக்கினால்தான் கதவைச் சாத்த முடியும். மடக்கிக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்: "முட்டியில ஆபரேஷன் பண்ணவங்கங்க. இப்போதைக்குக் கால மடக்கவே கூடாதாம்."