அவரா, அவனா

காவல் நிலையத்தில் புகார் கேட்கும் இயந்திரத்தைச் செங்கமலம் முதலிலிருந்தே நம்பவில்லை. பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு அது ரொம்பப் பொறுமையாகக் கேட்டது. அந்தப் பொறுமைதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. புருஷனின் பல் பதிந்த முன்கை விண்விண்ணென்று தெறித்தது. புகார் பதிவாகாவிட்டால் இன்றும் அவனிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.

“வீட்டுக்காரர் கடிச்சிட்டாருங்க,” என்றாள்.

“மரியாதை தெரிகிறது. பாசம் இருக்கிறது. குடும்பச் சச்சரவு. வீட்டுக்குச் செல்லவும்,” என்றது இயந்திரம்.

பக்கத்தில் நின்ற ஏட்டு ரூபாவதி சிரித்துவிட்டாள். “நீ ‘ரு’ போட்டா அது எங்கடி கேக்கும்? மாத்திச் சொல்லு.”

“கடிச்சிட்டான்!”

“கணவரை ஒருமையில் பேசுகிறீர்கள். நீங்கள்தான் தூண்டியிருப்பீர்கள். வீட்டுக்குச் செல்லவும்.”

“அக்கா, ஆம்பளைங்க வந்து ‘அவ அடிச்சா’ன்னு சொன்னா என்ன சொல்லும்?”

“அவங்க எப்படிச் சொன்னாலும் எடுத்துக்கும். ரசீது உடனே வந்துரும்.”

செங்கமலம் இயந்திரத்தை ஏற இறங்கப் பார்த்தாள். ‘ரு’வும் வேண்டாம், ‘ன்’னும் வேண்டாம் என்றால் மிச்சம் ஒன்றுதான்.

“வீட்ல இருக்கிறது கடிச்சிடுச்சு.”

சிவப்பு விளக்கு எரிந்தது. “நாய்க்கடி. அவசரம். உடனே ஊசி போடவும். நாய் பிடிக்கும் வண்டி புறப்படுகிறது. முகவரி?”

அவள் என்ன செய்தாள், அது ஏன் கடித்தது என்று இயந்திரம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. செங்கமலம் முகவரியை நிதானமாகச் சொன்னாள். பிறகு ரூபாவதியிடம் திரும்பினாள்.

“வலை கொஞ்சம் பெருசா கொண்டுபோகச் சொல்லுங்கக்கா.”