கரையைப் பார்த்து உட்கார்ந்தவள்

திமிங்கிலம் பார்க்கப் போன அந்தப் படகில் மங்களேஸ்வரி ஒருத்திதான் உள்ளூர்க்காரி. மற்றவர்கள் எல்லோரும் கமராவோடு வந்த வெள்ளைக்காரர்கள். துறைமுக வாயைத் தாண்டியதும் அவர்கள் கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள். அவள் கரையைப் பார்த்து உட்கார்ந்தாள். அவளுடைய ஊர் முழுவதும் இப்போது இராணுவ முகாம். வேலிக்குள் கால்வைக்க முடியாது. கடலிலிருந்து பார்த்தால் வீடு தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“தம்பி, கொஞ்சம் கரைப்பக்கமா விடேலாதோ?”

“அங்கால போக விடமாட்டினம் அக்கா” என்றான் படகோட்டி றொபின்சன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். வேகத்தைக் குறைத்துப் படகைக் கரையோரமாகத் திருப்பினான்.

பாறைமுனை விலகியதும் வீடு தெரிந்தது. சுவருக்கு வேறு நிறம் பூசியிருந்தார்கள். கல்யாணமாகி வந்த வருடம் அவள் நட்ட மாமரம் கிணற்றடியில் கூரைக்கு மேலே வளர்ந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் திமிங்கிலம் நீரைப் பீய்ச்ச, எல்லோரும் கத்திக்கொண்டு மறுபக்கம் எழுந்தார்கள். படகு சரிந்தது. அவள் திரும்பவில்லை.

மாமரத்தில் கட்டிய கொடியில் சிப்பாய் ஒருவன் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயது. படகைக் கண்டதும் கையைத் தூக்கி ஆட்டினான். வெள்ளைக்காரர் படகு வந்தால் அப்படிக் கைகாட்டுவது வழக்கம் போலும்.

மங்களேஸ்வரியின் கையும் உயர்ந்தது.

“தெரிஞ்ச ஆளோ அக்கா?”

“எங்கட வீட்டில இருக்கிற பிள்ளை” என்றாள், கையை இறக்காமலே.