விமானத்தில் போன ஃபைல்

“மேடம், ஃபைல் வந்துதா?”

கூரியர் கம்பெனியின் விமானப் பிரிவு மேலாளர் காலையிலிருந்து மூன்றாவது முறையாகத் தரைப் பிரிவு மேலாளரைப் போனில் பிடித்தார்.

“இன்னும் வரலை சார்.”

“முந்தாநாளே அனுப்பிட்டேனே! இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க கையெழுத்துப் போடலைன்னா, நம்ம ரெண்டு பிரிவையும் இணைக்கிற வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிடும். சேர்மன் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாரு.”

“நான் என்ன சார் பண்றது? உங்க விமானம் அதைத் தலைமைக் கிடங்குல இறக்கிடுச்சு. அங்கேருந்து எங்க லாரியில ஏத்தியிருக்காங்க. லாரி நடுவழியில பஞ்சராகி நிக்குது.”

“லாரியில எதுக்கு ஏத்தினாங்க?”

“விமானப் பிரிவு ஆளுங்க எதையும் டெலிவரி பண்ண மாட்டாங்கன்னு நீங்கதானே சண்டை போட்டு விதியில சேர்த்தீங்க?”

அவர் பல்லைக் கடித்தார். அந்த ஃபைலின் முதல் வரியை அவரே எழுதியிருந்தார்: ‘இனி எந்தப் பார்சலும் ஓர் அடிகூட வீணாக நகராது.’

ஆத்திரத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“மெதுவா சார்! நீங்க நாற்காலியை இழுத்தா, இங்க என் தலையில சுண்ணாம்பு உதிருது.”

அவர் குனிந்து காலடியில் இருந்த தரையைப் பார்த்தார்.

“என்னை மாதிரி அறிவாளி உலகத்துலயே கிடையாது மேடம். ஃபைலோட இன்னொரு காப்பி எங்கிட்ட இருக்கு. படி இறங்கி நானே கொண்டு வந்துடறேன்.”

“வாங்க சார். ஆனா மாடிப்படி உங்க பிரிவா, எங்க பிரிவா?”

விழுந்து விழுந்து சிரித்தபடி போனை வைத்த விமானப் பிரிவு மேலாளர், எதற்கும் இருக்கட்டும் என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.