நீலம் ஒட்டிய செங்கல்

ஏரி மண்ணில் துளை போட்டு, இடிபாடுகளைக் கொட்டி இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே அடுக்குமாடி வரப்போகிறது. சித்தாள் வேலைக்கு வந்த முதல் நாளே, தேசம்மா அள்ளிய செங்கல் ஒன்றில் நீலச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பொங்கலுக்கு அவள் கையால் அடித்த நீலம். அதன்மேல், இடிக்க வந்த அதிகாரிகள் போட்ட சிவப்புப் பெருக்கல் குறியில் பாதி.

"நிறுத்துங்க சார். இது என் வூடு."

இன்ஜினியர் சிரித்தார். "அதனால என்னம்மா? இடிச்ச கல்லையே போட்டா, ஜல்லிக்குப் புதுசா மலைய உடைக்க வேணாம், சிமென்ட் வேணாம். சுற்றுச்சூழலுக்கு நல்லது. சதசதன்னு கெடக்குற மண்ணு கெட்டியாயிடும்."

"ஏரி மண்ணு, வூடு தாங்காதுன்னுதானே எங்கள அடிச்சுத் தொரத்துனீங்க?"

"அப்போ தாங்காதும்மா. இப்ப தாங்கும்."

தேசம்மா கூடையை விசிறியெறிந்தாள். செங்கல்லோடு விறுவிறுவென்று நடந்து, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டக் கட்டிவைத்திருந்த மாதிரி வீட்டுக்குப் போனாள். வெள்ளை வெளேரென்ற சுவரில் செங்கல்லை அழுத்தி இழுத்தாள். சிவப்பாக ஒரு கோடு. குறுக்கே இன்னொன்று.

"ஏய், என்ன பண்ற?" இன்ஜினியர் ஓடிவந்தார்.

தேசம்மா திரும்பவில்லை. வீட்டை இடித்த அன்றைக்கு அதிகாரிகள் அவளிடம் சொன்னதையே சொன்னாள்.

"குறி போட்டாச்சு. சாமான வெளிய எடு."