குப்பைக்குப் போன க்ரீம்

"இவங்க யார் தெரியுமா? என் பரு க்ரீமைத் தூக்கிக் குப்பையில போட்ட மகராசி!"

நாத்தனாரை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே வாயாடி. பதினெட்டு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறாள். நாத்தனாரும் கூடவே சிரிப்பாள். மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அன்று தோல் டாக்டர் வாயாடியின் மகளுக்கு எழுதிக் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே மருந்துதான்.

"ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி முகம் கழுவி, ஈரம் நல்லாக் காய்ஞ்சதும் தடவணும். முகம் முழுக்கச் சேர்த்துப் பட்டாணி அளவு போதும். முதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் உரியும், பரு கூடுற மாதிரிகூட இருக்கும். பயந்து நிறுத்திடாதேம்மா, மூணு மாசம் பொறுத்துக்கோ. பகல்ல சன்ஸ்கிரீன் இல்லாம வெயில்ல போகாதே."

"நிறையத் தடவினா சீக்கிரம் போயிடாதா டாக்டர்?" என்றாள் மகள்.

"போகும். பரு இல்ல, தோல்."

வாயாடிக்குப் பழைய ஞாபகம் பொங்கிக்கொண்டு வந்தது. கல்யாணமான புதுசு. ரெண்டே அறை வீடு. கைகழுவும் இடத்தில் மாட்டிய ஒரே கண்ணாடி. காலையில் அவளும், புருஷனும், நாத்தனாரும் அதன் முன்னால் வரிசை கட்டி நிற்பார்கள். நாத்தனாரின் வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை என்பதால் அவள் ரெண்டு வருஷம் தம்பி வீட்டில்தான் இருந்தாள். ஒரே சீப்பு கை மாறும். "தலைமுடியை எண்ணியா சீவுறீங்க? சீக்கிரம்!" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். என்ன சிரிப்பு, என்ன கலாட்டா!

நாத்தனாரின் முகத்தில் பழைய பருத் தழும்புகள் குழி குழியாக இருக்கும். வாயாடியின் முகமோ க்ரீம் புண்ணியத்தில் தெளிந்துகொண்டிருந்தது. ஒருநாள் ட்யூபைக் காணோம். தேடினால், குப்பைக் கூடையில் காய்கறித் தோலுக்கு அடியில் பிதுங்கிக் கிடந்தது.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?"

"போதும், உன் முகம் நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான் பதில். 'தன் முகம் மாதிரியே என் முகமும் ஆகணும்னு ஆசை' என்று வாயாடி அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

இந்தக் கதையை டாக்டரிடமும் அவிழ்த்துவிட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு மகளிடம் திரும்பினார். "இன்னொண்ணு. உனக்கு இப்போ தேவையில்லை, ஆனா தெரிஞ்சு வெச்சுக்கோ. கர்ப்பமா இருக்கும்போது இதைத் தடவக் கூடாது. அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே நிறுத்திடணும்."

வாயாடி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

ட்யூப் குப்பைக்குப் போன அந்த வாரம் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. முதல் தடவை தெருவுக்கே சொல்லி, அது தங்காமல் போய், ஆளாளுக்கு வந்து சொன்ன ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதனால் இந்தத் தடவை வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கரு நிலைத்து, வளர்ந்து, இதோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மருந்துச்சீட்டைப் படித்துக்கொண்டிருக்கிறது.

நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த க்ரீம்... உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"நான் அச்சகத்துல பிழை திருத்திக்கிட்டு இருந்தேன் இல்ல? அந்த மருந்துக்குள்ள வைக்கிற சீட்டு எங்க அச்சகத்துலதான் அடிச்சாங்க. வரி வரியாப் படிச்சிருக்கேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீயே யாருக்கும் தெரிய வேண்டாம்னு இருந்தே. அதை நான் எப்படி உடைக்கிறது?"

"குழந்தை பிறந்த பிறகாவது? பதினெட்டு வருஷமா உங்களை எப்படியெல்லாம் கேலி பண்ணியிருக்கேன்..."

"நீ சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டுமே."

வாயாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்டகூட நான் சொல்லலை அண்ணி. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

'எங்களுக்குப் பிள்ளை வேண்டாம்னு இருந்துட்டோம்' என்று சொல்லிச் சொல்லி ஊரையே நம்ப வைத்திருந்த நாத்தனார், மடித்த துணியைத் தடவிக் கொடுத்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"குழாயைத் திறந்துவிட்டா வாந்திச் சத்தம் வெளியே கேட்காதுன்னு நினைச்சே. நானும் அப்படித்தான் நினைச்சேன்மா, மூணு தடவை."