வழுக்கும் கல்

கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினாள்.

பழைய போர்வையிலிருந்து கிழித்து எடுத்து வந்த துண்டை அதன் மேல் விரித்தாள். துண்டின் மேல் தன் கைப்பையை வைத்தாள். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

வழுக்கிக்கொண்டு வந்தது.

அடுத்த கல் சொரசொரப்பானது. அதிலும் தண்ணீர் ஊற்றி, துணி விரித்து, இழுத்தாள். துணியைக் கல் பிடித்துக்கொண்டது. பை சாய்ந்து விழுந்தது.

டைல்ஸ் கடையின் விற்பனையாளன் பூபதி பார்த்துக்கொண்டு நின்றான். செருப்பைக் கழற்றிக் காலால் தேய்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. சாவியால் கீறிப் பார்ப்பவர்கள் உண்டு. பையை இழுத்துப் பார்த்து அவன் கண்டதில்லை.

"அக்கா, அந்த வெள்ளை பாலிஷ் போட்ட மார்பிளுங்க. ஹாலுக்குன்னா நல்லாருக்கும். குளிக்கிற எடத்துக்கு வேண்டாமுங்க. ஆளைச் சாச்சுப் போடும்."

அவள் தலையாட்டினாள்.

வாசலோரம், சக்கர நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார்.

போன முறை இதே கடைக்குக் கைத்தடி ஊன்றி நடந்து வந்தவர். குளியலறைக்குப் பிடிமானமுள்ள தரை வேண்டும் என்று அவரே குனிந்து தடவித் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வுதான். அந்தத் தரையில் அவர் ஒருநாளும் வழுக்கி விழவில்லை.

கால்கள்தான் நின்றுவிட்டன.

நோய் பாதத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. இடுப்போடு நிற்கலாம் என்றார் டாக்டர். கைகளுக்கு வராதவரை பயமில்லை என்றார்.

குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. இடித்து அகலமாக்கவும் வழியில்லை, இரண்டு பக்கமும் தூண். போர்வையில் அவரைக் கிடத்தி அவள்தான் இழுத்துப் போவாள். ஹாலில் சுலபமாக வருவார். குளிக்கும் இடத்தில் தரை பிடித்துக்கொள்ளும்.

இழுக்க இழுக்க இடுப்பில் தோல் உரிந்தது.

அவருக்கு வலி தெரியாது. மருந்து தடவும்போது என்ன என்று கேட்பார். வேர்க்குரு என்று சொல்லி வைத்திருந்தாள்.

அவர் மறுபடி எழுந்து நிற்பதைப் பற்றி அந்த வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. 'நின்னதுக்கப்பறம்.' நின்னதுக்கப்பறம் பழனி போகலாம். நின்னதுக்கப்பறம் வண்டியைச் சர்வீஸுக்கு விடலாம். முதலில் சொன்னது அவரா அவளா என்று நினைவில்லை. இருவருமே சொன்னார்கள். சாப்பாட்டுக்கு நடுவே, சீரியலுக்கு நடுவே.

வழுக்கும் கல்லைப் போட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

பழைய டைல்ஸ் கறை பிடித்துவிட்டது, மாற்றலாம் என்று அவரிடம் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரத் துணியை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"இதையே போட்டுருங்க." சொரசொரப்பான கல்லைக் காட்டினாள்.

"அதாங்க்கா சரி," என்றான் பூபதி.

"வெள்ளைய எடு புள்ள," என்றார் அவர்.

"சார், அது வழுக்குமுங்க சார்."

"வழுக்கோணும் தம்பி. வழுக்குனாத்தான இழுக்க முடியும்? மூட்டை இழுக்கற மாதிரி உங்கக்கா மூச்சு வாங்கறது எனக்கில்ல தெரியும்." சிரித்தார்.

சிரிக்கலாமா என்று பூபதி அவளைப் பார்த்தான்.

"வேர்க்குருவும் கொறையும்," என்றார் அவர்.

அவள் பையின் ஜிப்பை மூடினாள். மூடியிருந்ததைத் திறந்து மறுபடி மூடினாள்.

பூபதி பராமரிப்பைச் சொல்ல ஆரம்பித்தான். ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. எலுமிச்சை, சீயக்காய் பட்டால் உடனே கழுவிவிட வேண்டும். மஞ்சள் ஊறினால் போகாது. கல் தண்ணீர் குடிக்காமலிருக்க வருடம் ஒருமுறை சீலர் பூச வேண்டும். குளித்து முடித்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது.

தேய்க்காமல் ஒற்றி எடுக்க அவளுக்குத் தெரியும்.

"பாத்துப் பாத்து வெச்சுக்கோணுமுங்க. ஆனா காலத்துக்கும் இருக்கும்."

"யாரு காலத்துக்கு?" என்றார் அவர்.

"சும்மா இருங்க," என்றாள்.

கல் இருப்பு வெளியே இருந்தது. அவரைத் தள்ளிக்கொண்டு பூபதியின் பின்னால் போனாள். சித்திரை வெயில். மதில் ஓரமாக வெள்ளைக் கற்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒன்றின் ரேகை நன்றாக இருந்தது. தொட்டவள் சூடு தாங்காமல் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"கிட்ட கொண்டு போ. நானும் பாக்கறேன்."

அவள் வேண்டாமென்று சொல்வதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார். உள்ளங்கையை அந்தக் கல்லில் முழுதாகப் பதித்தார்.

எடுக்கவில்லை.

"அடடா," என்றார். "மார்பிள்னா மார்பிள்தான். என்ன ஜில்லுனு இருக்கு பாரு."

பூபதி வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

அவர் கையை மெல்லக் கல்லிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். நாற்காலியை நிழலுக்குத் தள்ளினாள்.

"ஆமாங்க," என்றாள். "நல்லா ஜில்லுனு இருக்கு."